முஸ்லிம் சனத்தொகை பற்றிய அச்சம்: திறந்த தரவுகள் காட்டும் படம் என்ன?

ஒரே வீடியோ ஒரே மாதத்துக்குள் இரண்டு பேரிடமிருந்து எனக்கு வந்தது.

முதலில் எமது குடும்ப வாட்ஸ்அப் குழுவில். பிரான்ஸில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரியாக 8.1 பிள்ளைகள், ஏனையோருக்கு 1.8 மாத்திரமே, ஆகவே இன்னும் சில தசாப்தங்களில் அந்நாடு முஸ்லிம் நாடாகிவிடும் என்பது அதன் சாரம். மச்சான் அனுப்பியிருந்தார். அதன் கீழே வரிசையாக மாஷா அல்லாஹ்கள்.

இரண்டாவது தடவை அதைக் காட்டியவர் ஒரு சிங்கள ஆசிரியர். உயர்தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் பணியில் இருவரும் ஒரே மேசையில் இருந்தோம். தேநீர் இடைவேளையில் தனது தொலைபேசியை என் பக்கம் திருப்பினார். அதே வீடியோ, கீழே சிங்கள எழுத்துக்கள். "சேர், இது உண்மையா? இங்கும் இப்படித்தான் நடக்குமா?" என்று கேட்டார். அவரது குரலில் பகை இருக்கவில்லை. பயம் இருந்தது.

அந்த வீடியோ 2009ஆம் ஆண்டில் யூடியூபில் பரவத் தொடங்கிய பழைய சரக்கு. முஸ்லிம்களைக் காட்டி மேற்குலகைப் பயமுறுத்துவதற்காகத் தயாரிக்கப்பட்டது. எம்மைப் பற்றிய பயத்தைப் பரப்ப வந்த பொய்யை நாமே பெருமையுடன் பகிர்ந்துகொண்டிருக்கிறோம்.

இலங்கையில் இது வெறும் பொழுதுபோக்கு விடயமாக இருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கறியில் கருத்தடை மாத்திரை இருந்ததாகக் கதை கட்டப்பட்டது. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரியவந்தது. அதற்குள் திகன எரிந்து முடிந்திருந்தது, நாட்டில் அவசரகாலச் சட்டமும் பிறப்பிக்கப்பட்டிருந்தது. ஒரு மாவுக்கட்டியைப் பார்த்து 'எங்கள் இனத்தை அழிக்கப் பார்க்கிறார்கள்' என்று மக்கள் நம்பினார்கள் என்றால், அந்த நம்பிக்கைக்கு நிலம் ஏற்கனவே உழப்பட்டிருந்தது. 'அவர்கள் பெருகுகிறார்கள், நாங்கள் குறைகிறோம்' என்ற பேச்சுத்தான் அதை உழுதது.

நான் புவியியல் ஆசிரியன். என்னிடம் இப்படிக் கேட்டால் பொதுவாக ஒரு நீண்ட விரிவுரை தொடங்கிவிடும். அன்று அதைச் செய்யாமல், எனது தொலைபேசியில் கேப்மைண்டர் இணையத்தளத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். அன்றைய எங்கள் உரையாடலையே இங்கு ஓரளவு விரித்து எழுதுகிறேன்.

கேப்மைண்டர் என்பது ஹான்ஸ் ரோஸ்லிங் என்ற சுவீடன் நாட்டு மருத்துவர், தனது மகனுடனும் மருமகளுடனும் சேர்ந்து ஆரம்பித்த ஓர் அமைப்பு. உலக வங்கியிடமும் ஐக்கிய நாடுகள் சபையிடமும் மலைபோல் குவிந்து கிடந்த புள்ளிவிபரங்களை எவரும் பார்த்து விளங்கிக்கொள்ளும் அசையும் படங்களாக அவர்கள் மாற்றினார்கள். ரோஸ்லிங் 2017இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற கருவியை இன்றும் எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். திறந்த தரவு என்பதன் பொருளே இதுதான். தரவும் திறந்திருக்கும், அது எங்கிருந்து வந்தது என்பதும் திறந்திருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தானே வரைந்து பார்க்கலாம்.

அதில் ஒவ்வொரு நாடும் ஒரு குமிழி. சனத்தொகை பெரிதென்றால் குமிழியும் பெரிது. சீனாவும் இந்தியாவும் பூசணிக்காய் அளவு, இலங்கை ஒரு கடலை அளவு. கிடை அச்சிலும் நிலைக்குத்து அச்சிலும் எதை வைப்பது என்பதை நாமே தெரிவு செய்யலாம். நான் கிடை அச்சில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும், நிலைக்குத்து அச்சில் ஆயிரம் பிள்ளைகளில் ஐந்து வயதுக்குள் இறப்போரின் எண்ணிக்கையையும் வைத்தேன். வருடத்தை 1950க்கு நகர்த்தினேன். ஓடவிடும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னர் நண்பரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள் பாட்டிக்கு எத்தனை பிள்ளைகள்?"

எட்டுப் பேர் என்றார். இருவர் கைக்குழந்தையிலேயே இறந்துவிட்டார்களாம். அவரது தாய்க்கு நான்கு, அவருக்கு இரண்டு. எனது உம்மும்மாவுக்கு ஒன்பது, அதில் மூவர் தக்கவில்லை. உம்மாவுக்கு ஐந்து, எனக்கு மூன்று. இரண்டு குடும்பங்களும் ஏறக்குறைய ஒரே படியில்தான் இறங்கி வந்திருக்கின்றன. ஒன்று மற்றதுக்குக் கொஞ்சம் பின்னால்.

பொத்தானை அழுத்தியதும் நடந்ததும் அதுதான். 1950இல் உலகின் பெரும்பாலான குமிழிகள் வலது மேல் மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பிள்ளைகளும் அதிகம், இறப்பும் அதிகம். வருடங்கள் ஓட ஓட ஒவ்வொன்றாக இடது கீழ் மூலையை நோக்கிச் சரியத் தொடங்கின. 1950களில் ஐந்துக்கும் மேல் இருந்த இலங்கைக் குமிழி பலருக்கு முன்பே இறங்கிவிட்டது. உலக சராசரி 1960களின் தொடக்கத்தில் ஐந்து பிள்ளைகள். இன்று அது ஏறத்தாழ 2.3.

"இதில் முஸ்லிம் நாடுகள் எவை?" என்று நண்பர் கேட்டார். அவர் எதிர்பார்த்தது வலது பக்கத்தில் விட்டுப்போன ஒரு கூட்டத்தை. நான் ஈரானைத் தொட்டுக்காட்டி மீண்டும் ஓடவிட்டேன். 1980களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஆறுக்கும் மேல். ஈராக்குடனான யுத்தம் முடிந்த பின்னர் 1989இல் அந்த இஸ்லாமியக் குடியரசு தேசிய மட்டத்தில் குடும்பத் திட்டமிடலை ஆரம்பித்தது. கிராமம் கிராமமாகச் சுகாதார இல்லங்கள், பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை, மார்க்க அறிஞர்களின் ஒத்துழைப்பு. 2000ஆம் ஆண்டளவில் குமிழி ஏறக்குறைய இரண்டுக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்களே என்று கவலைப்பட்டு, பின்னர் அதே அரசு கொள்கையைத் தலைகீழாக மாற்றியது. ஆனாலும் குமிழி வலப்பக்கம் திரும்பிச் செல்லவில்லை.

அதைவிட என்னைக் கவர்ந்தது பங்களாதேஷும் பாகிஸ்தானும். 1971 வரை இரண்டும் ஒரே நாடு, இரண்டிலும் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். அவ்வருடம் இரண்டு குமிழிகளும் வலது பக்கத்தில் அருகருகே நிற்கின்றன. அதன் பின்னர் பிரிகின்றன. வீடு வீடாகச் சென்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள், வயிற்றோட்டத்துக்கு உப்பும் சீனியும் கலந்த கரைசல், பெண் கல்வி என்று பங்களாதேஷ் வேகமாக இறங்கி இன்று இரண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பாகிஸ்தான் இன்னும் மூன்றரையைச் சுற்றி. மார்க்கம்தான் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது என்றால் இந்த இரண்டு குமிழிகளும் பிரிந்திருக்கக் கூடாது.

மறுபக்கத்தையும் பார்த்தோம். இன்று வலது மூலையில் மிஞ்சியிருப்பவற்றில் பெரும்பான்மை முஸ்லிம்களைக் கொண்ட நைஜரும் உண்டு, பெரும்பான்மை கிறிஸ்தவர்களைக் கொண்ட கொங்கோ ஜனநாயகக் குடியரசும் உண்டு. இரண்டிலும் ஏறத்தாழ ஆறு பிள்ளைகள். இடது மூலையில் கத்தோலிக்க இத்தாலி 1.2உடன் நிற்கிறது. துருக்கியும் அதே பக்கம்தான், 2023இல் அதன் உத்தியோகபூர்வ எண் 1.51.

இதையே ரோஸ்லிங் 2012இல் கட்டார் நாட்டின் டோஹா நகரில் ஓர் உரையாகப் பேசினார். மதங்களும் குழந்தைகளும் என்பது தலைப்பு. குமிழிகளுக்குப் பெரும்பான்மை மதத்தின்படி நிறம் பூசி ஓடவிட்டார். எல்லா நிறங்களும் ஒன்றாகவே சரிந்தன. பிறந்த பிள்ளைகள் உயிர் தப்ப வேண்டும், பிள்ளைகளின் உழைப்பை நம்பிக் குடும்பம் வாழும் நிலை மாற வேண்டும், பெண்களுக்குக் கல்வியும் தொழிலும் வேண்டும், குடும்பத் திட்டமிடல் வசதி கிடைக்க வேண்டும் என்று நான்கு காரணங்களை அவர் சொன்னார். இணையத்தில் தேடினால் கிடைக்கும். ஜும்ஆவுக்குப் பிறகு பார்த்து முடிக்கக்கூடிய நீளம்தான்.

இக்கட்டுரை குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரம் அல்ல. எத்தனை பிள்ளைகள் என்பது கணவன் மனைவி தீர்மானிக்க வேண்டியது, மார்க்க ரீதியான கேள்விகளுக்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு.

அந்த 8.1க்கு வருவோம். படத்தை 2009இல் நிறுத்தி, எட்டைத் தொட்ட குமிழி ஏதேனும் உண்டா என்று தேடினோம். உலகில் எந்த நாடும் அங்கே இல்லை, நைஜர்கூட இல்லை. பிரான்ஸில் வாழும் முஸ்லிம்களில் பெரும்பகுதியினரின் பூர்வீகம் அல்ஜீரியாவும் மொரோக்கோவும். அவ்வருடம் அந்த இரண்டு நாடுகளிலும் மூன்றுக்கும் குறைவு. அங்கிருந்து பரிஸுக்குப் போனவர்கள் திடீரென்று எட்டாக்கிக்கொண்டார்களா? மேலும், பிரான்ஸ் தனது குடிசன மதிப்பீட்டில் மதத்தைக் கேட்பதே இல்லை. பிறகு அந்தத் தசம எண் எங்கிருந்து வந்தது? தசமப் புள்ளி போட்டால் மக்கள் நம்புவார்கள் என்பது பொய் சொல்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஐரோப்பா குறித்து ஓரளவு பொறுப்பான மதிப்பீடு வேண்டுமென்றால் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2017இல் வெளியிட்டது இருக்கிறது. 2016இல் ஐரோப்பாவில் முஸ்லிம்கள் 4.9 சதவீதம். குடிவரவு முற்றாக நின்றால் 2050இல் 7.4, நடுத்தரமாகத் தொடர்ந்தால் 11.2, அகதிகள் பெருமளவில் வந்த 2015 காலத்தைப் போலவே தொடர்ந்தால் 14. நேர்மையான எதிர்வுகூறல் இப்படித்தான் 'இப்படியானால் இவ்வளவு' என்று நிபந்தனையோடு பேசும். மூன்றில் எதுவும் பாதிக்கு அருகில்கூட இல்லை.

நண்பர் தேநீரை முடித்துவிட்டார். ஆனால் அவர் உண்மையில் கேட்ட கேள்வி பிரான்ஸைப் பற்றியதல்ல. "சரி சேர், இங்கே?"

இங்கேதான் நான் கவனமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஏனெனில் எம்மவர்களில் பலர் 'அது முழுப் பொய்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அது சரியல்ல. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் எண்கள் எவருக்கும் திறந்திருக்கின்றன. 1981இல் இலங்கையில் இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் 1,121,717 பேர். 2012இல் 1,967,523 பேர். பௌத்தர்கள் 1981இல் 10,288,325, 2012இல் 14,272,056. 2001 கணக்கெடுப்பு வடக்கு கிழக்கில் முழுமையாக நடக்காததால் அதை விட்டுவிட்டேன்.

விடைத்தாள் உறை ஒன்றின் பின்புறத்தில் இந்த நான்கு எண்களை வைத்து மூன்று படங்கள் வரைந்தேன். முதலாவதில் வளர்ச்சி வீதம். முஸ்லிம்கள் 75 சதவீதத்தால் அதிகரித்திருக்கிறார்கள், பௌத்தர்கள் 39 சதவீதத்தால். முஸ்லிம்களின் தூண் ஏறக்குறைய இரட்டிப்பு உயரம். பார்த்தாலே பயம் வரும். இரண்டாவதில் கூடிய ஆட்களின் எண்ணிக்கை. அதே 31 வருடங்களில் முஸ்லிம்கள் சுமார் 8 இலட்சத்து 46 ஆயிரம் பேரால் கூடினார்கள், பௌத்தர்கள் ஏறக்குறைய 40 இலட்சம் பேரால். இப்போது பௌத்தர்களின் தூண் நாலரை மடங்குக்கும் மேல். மூன்றாவதில் மொத்தச் சனத்தொகையில் பங்கு. முஸ்லிம்கள் 7.6 சதவீதத்திலிருந்து 9.7ஆகியிருக்கிறார்கள். பௌத்தர்கள் 69.3இலிருந்து 70.1.

மூன்றும் உண்மை, ஒரு எண்ணும் மாறவில்லை. ஆனால் மேடையில் ஏறுபவர் முதலாவதை மட்டும் தூக்கிப் பிடிப்பார். எம்மவரில் ஒருவர் பதில் சொல்லப்போனால் இரண்டாவதை மட்டும் தூக்கிப் பிடிப்பார். சிறிய தொகையில் சதவீத வளர்ச்சி எப்போதும் பெரிதாகத் தெரியும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளக்கலாம். முஸ்லிம்களின் பிறப்பு வீதம் நாட்டின் சராசரியைவிடக் கூடுதலாக இருந்திருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் படியிறக்கம் ஒரு தலைமுறை பின்னால் தொடங்கியது. எனது மூன்றும் அவரது இரண்டும் போல.

நண்பர் மூன்றாவது படத்தை நெடுநேரம் பார்த்தார். "நாங்கள் குறையவில்லையே" என்றார். குறையவில்லை. அப்படியானால் யாருடைய பங்கு குறைந்தது? இந்துக்கள் 1981இல் 15.5 சதவீதம், 2012இல் 12.6. யுத்தத்தில் மாண்டவர்கள், புலம்பெயர்ந்தவர்கள், இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையக மக்கள் எல்லோரும் அந்த 2.9க்குள் இருக்கிறார்கள். மற்றவர்களின் பங்கு கூடியதில் பெரும்பகுதி இங்கிருந்து வந்த கணக்குத்தான். அதைச் சொன்னபோது மேசையில் கொஞ்ச நேரம் இருவருக்கும் பேச்சு வரவில்லை.

வேடிக்கைக்காக இன்னொரு கணக்கும் போட்டோம். 31 வருடத்தில் 2.1 புள்ளி என்ற அதே வேகத்தில் நேர்கோடு இழுத்தால் முஸ்லிம்கள் பாதியை அடைய ஏறக்குறைய 600 வருடங்கள் வேண்டும். புவியியல் ஆசிரியன் இப்படி நேர்கோடு இழுக்கக் கூடாது. குமிழிகள் நேர்கோட்டில் ஓடுவதில்லை என்பதைத்தானே சற்றுமுன் பார்த்தோம். ஆனால் பயமுறுத்துபவர்கள் இழுப்பதும் நேர்கோடுதான் என்பதால் ஒரு தடவை மன்னித்துக்கொள்ளுங்கள்.

படங்களை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. கேப்மைண்டரில் சுவீடனின் குமிழியும் கொங்கோவின் குமிழியும் ஒரே மாதிரிப் பளிச்சென்றுதான் இருக்கும். சுவீடனில் ஒவ்வொரு பிறப்பும் பதிவாகிறது. கொங்கோவில் கடைசியாகக் குடிசன மதிப்பீடு நடந்தது 1984இல். அதன் எண் மாதிரி ஆய்வுகளையும் கணித மாதிரிகளையும் வைத்து ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டது. இந்த விடயத்தில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் மேக்ஸ் ரோசர் ஆரம்பித்த அவர் வேர்ல்ட் இன் டேட்டா தளம் எனக்கு அதிகம் பிடிக்கும். ஒவ்வொரு வரைபின் கீழும் தரவின் மூலம் எழுதப்பட்டிருக்கும், அதைத் தொட்டால் எப்படிச் சேகரித்தார்கள் என்ற விளக்கம் வரும், அட்டவணையாகவும் தரவிறக்கலாம். வாட்ஸ்அப்பில் ஒரு வரைபு வந்து அதன் அடிப்பகுதி மட்டும் வெட்டப்பட்டிருந்தால் நான் உடனே சந்தேகப்படுவேன். வெட்டியவருக்கு அங்கே மறைக்க ஏதோ இருந்திருக்கிறது.

தரவு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2020இல் கொவிட் ஜனாஸாக்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லோர் கண்முன்னும் திறந்தே கிடந்தது. ஏப்ரலில் வந்த வர்த்தமானி எரித்தல் மட்டுமே என்றது. அடக்கம் செய்ய அனுமதி கிடைக்க அடுத்த வருடம் பெப்ரவரி இறுதியாகிவிட்டது. ஆதாரத்தைப் பார்க்க விரும்பாதவருக்கு எந்தக் குமிழியும் அசையாது. ஆனால் என்னிடம் கேட்ட நண்பரைப் போன்றவர்கள் இந்த நாட்டில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும்போது எமது கையில் கோபம் மட்டும் இருந்தால் போதாது. அந்த உறையை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், பாடசாலை ஆசிரியர் அறையில் காட்ட வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குடும்பக் குழுவில் நான் இரண்டு வரைபுகளைப் போட்டேன். ஒன்று பங்களாதேஷும் பாகிஸ்தானும் பிரியும் கோடுகள். மற்றது நண்பருடன் பார்த்த அதே குமிழிப் படம், நைஜரின் மேல் வட்டமிட்டு. கீழே ஒரு வரி எழுதினேன். பிள்ளைகள் அதிகம் பிறக்கும் இந்த முஸ்லிம் நாட்டில் ஆயிரம் பிள்ளைகளில் நூறுக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதைக் காண்பதில்லை, இலங்கையில் பத்துக்கும் குறைவு.

மாஷா அல்லாஹ் எதுவும் வரவில்லை. மறுப்பும் வரவில்லை. இரண்டு நாள் குழு அமைதியாகக் கிடந்தது. மூன்றாம் நாள் இஷாவுக்குப் பிறகு மச்சான் தனியாக அழைத்தார்.

"அந்த நைஜர் கணக்கு, ஆயிரத்துக்கு நூறு என்டா பத்துல ஒரு புள்ளயா?"

"பத்துல ஒன்டுக்கும் மேல, மச்சான்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்தத் தளத்த எப்பிடித் தொறக்கிற? சின்னவள்ட போன்ல போட்டுத் தா" என்றார்.